டோரின் மாஸி: பின்தங்கிய வட்டாரமா, பின்தள்ளப்பட்ட வட்டாரமா?

வரைதாள்

புவியியல் என்றால் மலையும் ஆறும் தலைநகரங்களின் பெயரும்தானே என்று யாராவது கேட்டால், நான் முதலில் சொல்லும் பெயர் டோரின் மாஸி. பிரிட்டனில் வட்டாரப் பொருளாதார வளர்ச்சி பற்றிய பேச்சின் திசையை மாற்றியவர்களில் ஒருவர். 2016 மார்ச்சில் மறைந்தார். மூன்று வாரமாக அவரை மறுபடியும் படித்துக்கொண்டிருக்கிறேன். தமிழில் அவரைப் பற்றி விரிவான பேச்சு எதுவும் என் கண்ணில் படவில்லை. அந்தக் குறைக்காகத்தான் இந்த இழை.

1944 ஜனவரியில் மான்செஸ்டரில் பிறந்தார். வளர்ந்தது நகரின் தென்விளிம்பில் இருக்கும் விதன்ஷா குடியிருப்பில். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், புகையும் நெரிசலுமாக இருந்த பழைய பகுதிகளிலிருந்து தொழிலாளர் குடும்பங்களை வெளியே கொண்டுவர மாநகராட்சியே கட்டிய வீடுகள் அவை. பாரி பார்க்கர் என்ற வடிவமைப்பாளரின் தோட்டநகரத் திட்டம். வயல்வெளியாக இருந்த நிலம், ஒரு மாநகராட்சி தீர்மானித்ததால் ஆயிரக்கணக்கானோரின் ஊராக மாறியது. பின்னாளில் அந்தக் குடியிருப்பைப் பற்றி மாஸி தனிக் கட்டுரையே எழுதினார்.

அங்கிருந்து ஆக்ஸ்ஃபோர்டு. 1968இல் லண்டனில் சுற்றுச்சூழல் ஆய்வு மையத்தில் சேர்ந்தார். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். நகரங்கள், வட்டாரங்கள், நிலம், வேலைவாய்ப்பு ஆகியவற்றை ஆராய்ந்த இடம் அது. இடையில் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வட்டார அறிவியலில் முதுகலை. கணித மாதிரிகள் கோலோச்சிய துறை. அந்தக் கணிதத்தை நன்றாகக் கற்றுக்கொண்டு வந்த பிறகுதான் அதை மறுத்தார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. தெரியாததைத் திட்டுவது எளிது, அவர் அதைச் செய்யவில்லை.

1973இல் தொழில் அமைவிடக் கோட்பாட்டின் மீது அவர் எழுதிய விமர்சனம் வெளிவந்தது. ஆல்ஃபிரட் வேபர் 1909இல் தொடங்கிவைத்த அந்த மரபில், ஒரு தொழிற்சாலை என்பது தனியாக நிற்கும் ஒரு புள்ளி. மூலப்பொருள் எங்கே, சந்தை எங்கே, போக்குவரத்துச் செலவு எவ்வளவு என்று கணக்கிட்டு அது தனக்கான இடத்தைத் தேர்ந்துகொள்ளும். மாஸி கேட்டது வேறு. அந்த ஆலை யாருடையது? அதன் தலைமையகம் எங்கே? ஆலையை மூடும் முடிவு எந்த ஊர் அறையில் எடுக்கப்படும்? போக்குவரத்துச் செலவை எவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிட்டாலும் இந்தக் கேள்விகளுக்கு விடை வராது.

1979இல், மார்கரெட் தாட்சர் ஆட்சிக்கு வந்த அதே ஆண்டில், ஒரு சிறு கட்டுரை எழுதினார். வட்டாரப் பிரச்சினை என்கிறோமே, அது எந்தப் பொருளில் 'வட்டார'ப் பிரச்சினை என்பதுதான் கேள்வி. வேலையில்லாத்திண்டாட்டம் ஒரு வட்டாரத்தில் தென்படுகிறது என்பதற்காகக் காரணமும் அங்கேதான் இருக்க வேண்டும் என்றில்லை. கொஞ்ச காலத்தில் ஆய்வு மையத்துக்கான நிதியைப் புதிய அரசு நிறுத்தியது, மையம் மூடப்பட்டது. 1982இல் மாஸி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். நுழைவுத் தகுதி எதுவும் கேட்காமல் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகம் அது. 2009இல் ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தார்.

1984இல் வெளியான 'ஸ்பேஷியல் டிவிஷன்ஸ் ஆஃப் லேபர்' (உழைப்பின் இடவாரிப் பிரிவினை) என்ற நூலின் மையக் கருத்தை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஒரு நிறுவனம் தன் வேலையை நிலப்பரப்பின் மேல் பிரித்துப் போடுகிறது. நிர்வாகமும் ஆராய்ச்சியும் லண்டனிலும் அதைச் சுற்றிய தென்கிழக்கிலும். தேர்ந்த கைகள் தேவைப்படும் உற்பத்தி பழைய தொழில் நகரங்களில். திரும்பத் திரும்ப ஒரே வேலையாக உதிரிபாகங்களை ஒன்றுசேர்க்கும் பிரிவு, சுரங்கம் மூடிய பள்ளத்தாக்குகளில். வட்டாரங்களுக்கிடையே உள்ள வேறுபாடு வேலைகளின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை; எந்த வகை வேலை, யார் யாருக்கு உத்தரவிடுகிறார் என்பதிலும் இருக்கிறது. ஒரு வட்டாரத்தைத் தனியாக எடுத்து 'இதற்கு என்ன குறை?' என்று நாடி பிடித்துப் பார்ப்பது பாதி மருத்துவம்கூட ஆகாது என்பது என் கருத்து.

இன்றும் இந்தப் பார்வை செல்லுபடியாகுமா? உங்கள் எண்ணம் என்ன?

எண்கணக்கு

வரைதாள் அவர்களே, அருமையான தொடக்கம். நான் பொருளியல் படித்தவன். மரியாதையோடு மறுக்கிறேன்.

தொழில்கள் ஓரிடத்தில் குவிவதை விளக்க, தலைமையகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் அதிகாரம் தேவையே இல்லை. ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இலேயே சொல்லிவிட்டார். ஒரே தொழில் செய்பவர்கள் அருகருகே இருந்தால் தேர்ந்த தொழிலாளர் எளிதில் கிடைப்பார்கள், துணைத்தொழில்கள் முளைக்கும், தொழில் நுணுக்கம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தானாகப் பரவும். ஷெஃபீல்டின் கத்தித் தொழிலை நினைத்துப் பாருங்கள். நூறாண்டு கழித்து, 1991இல், பால் க்ரூக்மன் இதற்குச் சீரான கணித வடிவம் தந்தார். 2008இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்ததற்கு இந்த வேலையும் ஒரு காரணம். உற்பத்தி பெருகப் பெருகச் செலவு குறையும் தொழில்களும், நடுத்தரமான போக்குவரத்துச் செலவும் இருந்தால் போதும், மையமும் விளிம்பும் தாமாகவே உருவாகிவிடும்.

இன்னொரு கேள்வி. பிரிட்டனின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு லண்டனிலிருந்து வருகிறது. அங்கே திரளும் வரிதான் மற்ற வட்டாரங்களின் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் போகிறது. லண்டனைக் கீழே இழுத்தால் யாருக்கு நன்மை? மாஸி நோயைக் கண்டுபிடித்திருக்கலாம். மருந்து என்ன?

டைன்கரை

நான் வடகிழக்கு இங்கிலாந்தில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். ஆய்வாளர் இல்லை, மருந்தகத்தில் வேலை. மாஸியை இதுவரை படித்ததும் இல்லை. ஆனால் வரைதாள் எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

என் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு கிளை ஆலையில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை செய்தவர். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஆலை நட்டத்தில் ஓடவில்லை என்று அவர் இன்றும் சொல்வார். ஆர்டர் இருந்தது, இயந்திரங்கள் புதியவை, உற்பத்தி இலக்கை ஆண்டுதோறும் தாண்டினார்கள். ஒரு வியாழக்கிழமை காலையில் வேறு நாட்டிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். உணவுக்கூடத்தில் எல்லோரையும் கூட்டினார்கள். பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. "எங்கள் மேலாளருக்கும் அப்போதுதான் தெரியும்" என்று சொல்லும்போதுதான் பெரியவருக்குக் குரல் தடுமாறும். வேலை போனதைவிட, தங்களுக்கு மேலே இருந்தவரும் தங்களைப் போலவே நின்றுகொண்டிருந்தார் என்பதுதான் அவரை அதிகம் உலுக்கியிருக்கிறது.

இந்தக் காட்சிக்கு உற்பத்திச் செலவுக் கணக்கு மட்டும் போதுமா, எண்கணக்கு? எனக்குப் போதாது.

இதே வடகிழக்கில் கான்செட் என்ற ஊரில் 1980இல் உருக்காலை மூடப்பட்டது. அதற்கு முன் ஊர் முழுக்கச் செந்தூசி படியும் என்று பழையவர்கள் சொல்வார்கள். துணி காயப்போட்டால் சிவந்துவிடுமாம். அந்தத் தூசியைத் திட்டியவர்களே இன்று அதை ஏக்கத்தோடு நினைவுகூர்வதைக் கேட்டிருக்கிறேன். ஒரு வட்டாரத்தின் 'வளர்ச்சி' என்று பேசும்போது இதையெல்லாம் எங்கே எழுதுவது?

வரைதாள்

டைன்கரை, இதைப் பகிர்ந்ததற்கு மனமார்ந்த நன்றி. பெரியவர் சொன்ன அந்த ஒரு வரி, மாஸியின் நூலில் பல பக்கங்களுக்கு விரியும் விஷயம். அந்த மேலாளர் ஆலைக்குள் அதிகாரி. ஆனால் நிறுவனத்தின் பெரிய வரைபடத்தில் அவரும் கடைக்கோடியில்தான் இருக்கிறார்.

எண்கணக்கு கேட்டதற்கு வருகிறேன். குவிதலின் ஆற்றலை மாஸி மறுக்கவில்லை. குவிந்ததற்குள் என்ன நடக்கிறது என்று கேட்டார். க்ரூக்மனின் மாதிரியில் நிறுவனங்கள் எல்லாம் ஒரே மாதிரியானவை. ஒன்று மற்றொன்றுக்குச் சொந்தமாக இருப்பதில்லை. நடைமுறையில் நடந்ததைப் பாருங்கள். ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லிக்கு அருகில் லின்வுட் என்ற ஊர். 1960களின் தொடக்கத்தில் ரூட்ஸ் நிறுவனம் கவென்ட்ரியில் தன் கார் உற்பத்தியை விரிவாக்க விரும்பியது. வேலையில்லாத வட்டாரத்துக்குப் போ என்று அரசு தள்ளியது. 1963இல் லின்வுட்டில் ஆலை திறந்தது. 1967இல் ரூட்ஸ் முழுவதும் அமெரிக்காவின் கிரைஸ்லர் கைக்குப் போயிற்று. 1978இல் கிரைஸ்லரின் ஐரோப்பியக் கிளைகளைப் பிரான்ஸின் பெஜோ வாங்கியது. 1981இல் ஆலை மூடப்பட்டது. பதினெட்டு ஆண்டுகளில் ஆலை ஓர் அடி நகரவில்லை. முடிவெடுக்கும் அறை மட்டும் லண்டனிலிருந்து டெட்ராய்ட் பக்கம் போய், அங்கிருந்து பாரிஸுக்குப் போனது. அந்த ஆலையில் தரச் சிக்கல், தொழிலாளர் தகராறு, விற்பனைச் சரிவு எல்லாம் இருந்தன, மறைக்கத் தேவையில்லை. ஆனால் அவற்றை எடைபோட்டு முடிவு சொன்னவர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் லின்வுட்டிலிருந்து இன்னும் தள்ளிப் போனார்கள்.

இன்னொன்றும் சொல்லலாம். வடக்கு டைன்சைடில் சீமென்ஸ் கட்டிய குறைகடத்தி ஆலையை 1997 மே மாதத்தில் அரசி எலிசபெத் திறந்துவைத்தார். 1998 ஜூலையில் அதை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. சுமார் 1,100 பேர் வேலை இழந்தார்கள். உலகச் சந்தையில் நினைவகச் சில்லுகளின் விலை சரிந்ததுதான் காரணம். அந்தச் சரிவில் டைன்சைடு மக்களின் குறை என்ன இருக்கிறது? அவர்களின் திறன் போதாதா, முனைப்பு போதாதா? அப்படியும் அடுத்த வளர்ச்சித் திட்டம் 'உள்ளூர்த் திறனை மேம்படுத்துவோம்' என்றுதான் தொடங்கும்.

பழையஏடு

இளையவர்கள் இவ்வளவு அக்கறையாகப் பேசுவது நிறைவாக இருக்கிறது. பல ஆண்டுகள் புவியியல் கற்பித்தவன் என்ற முறையில் இரண்டு எச்சரிக்கைகள்.

ஒன்று, ஆய்வாளரின் பிறப்பிடத்தை அவருடைய கோட்பாட்டுக்குத் திறவுகோலாக்குவது. விதன்ஷாவில் வளர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில். அவர்களில் இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒருவர். இன்னொரு புவியியலாளர் டேவிட் ஹார்வி 1935இல் கென்ட் மாவட்டத்தின் கில்லிங்ஹாமில் பிறந்தவர், கப்பல்துறைப் பக்கம். 1969இல் புவியியலின் விளக்கமுறை பற்றி அளவையியல் மணக்கும் ஒரு தடித்த நூலை வெளியிட்டார். அதே ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோருக்குப் போனார். நான்கே ஆண்டுகளில், 1973இல், சமூகநீதியும் நகரமும் பற்றி முற்றிலும் வேறொரு மனிதராக எழுதினார். கில்லிங்ஹாம் மாறவில்லையே. கண்ணெதிரே இருந்த நகரமும் படித்த நூல்களும் காலமும் சேர்ந்து அவரை மாற்றின. மாஸிக்கும் அப்படித்தான். பென்சில்வேனியாவில் கணிதத்தோடு கூடவே பிரெஞ்சு மார்க்சியத் தத்துவவாதி அல்தூசரையும் படித்தார் என்பதை வரைதாள் விட்டுவிட்டார். வாழ்க்கைக் குறிப்பில் ஊர்ப்பெயரைவிட அந்த வாசிப்பு கனமானது.

இரண்டாவது எச்சரிக்கை, மாஸியின் வழி இடதுசாரிகளுக்குள்ளேயே கடுமையாக விமர்சிக்கப்பட்டது. 1980களில் பொருளாதார, சமூக ஆய்வுக் கழகத்தின் நிதியில், ஃபிலிப் குக் ஒருங்கிணைக்க, ஏழு இடங்களை எடுத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஸ்விண்டன், செல்டனம், தானெட், மிடில்ஸ்பரோ, லங்காஸ்டர், லிவர்பூலின் வெளிப்பகுதி, பர்மிங்காமின் தென்மேற்கு. தொடக்க யோசனையில் மாஸிக்குப் பெரும் பங்கு உண்டு. முதலாளித்துவ மறுசீரமைப்பு ஒவ்வோர் இடத்திலும் ஏன் வெவ்வேறு விதமாக இறங்குகிறது என்பதுதான் தேடல். 1987இல் மார்க்சியப் புவியியலாளர் நீல் ஸ்மித் எழுதினார்: இப்படி ஒவ்வோர் ஊரின் தனித்தன்மையையும் துருவிக்கொண்டே போனால் முழுச் சித்திரம் கையைவிட்டுப் போய்விடும், தகவல் குவியலில் கோட்பாடு மூழ்கிவிடும் என்று. அந்த அச்சம் அன்று எனக்கும் இருந்தது. இன்றும் முழுவதும் தீரவில்லை.

மூன்றாம்வரிசை

வணக்கம். நான் இங்கிலாந்தில் புவியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இத்தனை நாளாக இந்தக் குழுவை வாசித்துவிட்டுப் போய்விடுவேன். எழுதுவது இதுவே முதல் முறை. ஒரு புவியியலாளரின் பின்புலத்தையும் ஆய்வு ஈடுபாடுகளையும் பற்றி எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். நான் எழுதிய முதல் வரைவு வேலைக்கு விண்ணப்பிப்பவரின் தகுதிக் குறிப்பு போல இருந்தது. பிறந்த ஆண்டு, பட்டம், பதவி, விருது. 1994இல் ராயல் புவியியல் சங்கத்தின் விக்டோரியா பதக்கம், 1998இல் புவியியலுக்கான வோத்ரான் லுட் பரிசு என்று எழுதி முடித்துப் பார்த்தால் ஆள் எங்கேயும் இல்லை.

பழையஏடு ஐயா சொன்னதைப் படித்ததும் தெளிவு வந்தது போலவும் இருக்கிறது, குழப்பம் கூடியது போலவும் இருக்கிறது. ஊர் முக்கியமில்லை என்றால் 'பின்புலம்' என்று எதைத்தான் எழுதுவது? 1984இல் லிண்டா மக்டவலோடு சேர்ந்து பெண்களின் வேலை பற்றி மாஸி எழுதிய கட்டுரை என்னை மிகவும் பாதித்தது. அதை வட்டாரப் பொருளாதாரம் என்ற தலைப்பில் சேர்க்கலாமா, அல்லது பெண்ணியப் புவியியல் என்று தனியாக வைக்க வேண்டுமா?

வரைதாள்

தங்கையே, தனியாக வைத்துவிடாதீர்கள்! என்னைக் கேட்டால் அந்தக் கட்டுரையில்தான் மாஸியின் வட்டாரப் பார்வை முழு உயிரோடு இருக்கிறது. இங்கே மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

நான்கு இடங்களை எடுத்துக்கொள்கிறார்கள். வடகிழக்கின் டரம் நிலக்கரி வட்டாரத்தில் ஆண்களுக்கு நிலத்தடி வேலை, பெண்களுக்கு ஊதியமில்லாத வீட்டு வேலை. சுரங்கத்திலிருந்து வெவ்வேறு முறை மாற்றத்தில் திரும்பும் கணவனுக்கும் மகன்களுக்கும் வெந்நீர் போட்டு, கரித்துணி வெளுத்து, சாப்பாடு வைத்து முடிப்பதற்குள் பெண்ணின் நாள் முடிந்துவிடும். வடமேற்கின் லங்காஷயர் பருத்தி நகரங்களில் கதையே வேறு. அங்கே பெண்கள் தலைமுறைகளாக ஆலைக்குப் போனவர்கள், சொந்தக் கூலி வாங்கியவர்கள், சங்கத்தில் சேர்ந்தவர்கள். பெண்களுக்கான வாக்குரிமைப் போராட்டம் அங்கே வேர்பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். லண்டனின் ஹாக்னியில் தையல் தொழில், வீட்டிலிருந்தபடி துண்டு வேலைக் கூலி. கிழக்கே ஃபென்ஸ் தாழ்நிலத்தில் வயல் வேலைக்குக் கூட்டமாகப் போய்வரும் பெண்கள்.

அதன் பிறகு 1960களும் 70களும் வருகின்றன. சுரங்கங்கள் மூடப்படுகின்றன. அரசின் ஊக்கத்தொகையோடு புதிய ஆலைகள் டரமுக்கு வருகின்றன. யாரைத் தேடி வந்தன? சுரங்கம் இழந்த ஆண்களை வேலைக்கு வைக்க என்பதுதான் அரசின் எண்ணம். ஆலைகள் எடுத்துக்கொண்டதோ பெரும்பாலும் பெண்களை. அதுவரை ஊதிய வேலை பார்க்காதவர்கள், சங்க அனுபவம் இல்லாதவர்கள், குறைந்த கூலிக்கு வருவார்கள் என்ற கணக்கு. லங்காஷயருக்கு அதே ஊக்கத்தொகை அந்த அளவுக்குப் போகவில்லை. அங்கே வேலை இழந்தவர்களில் பலர் பெண்கள்; பெண்களின் வேலையிழப்பு வேலையில்லாதோர் கணக்கில் சரியாக ஏறவில்லை.

நேற்றைய தொழில் ஒரு வட்டாரத்தில் விட்டுப்போகும் ஆண்-பெண் உறவின் மீதுதான் இன்றைய முதலீடு வந்து இறங்குகிறது. இறங்கியதும் அந்த உறவையே மாற்றத் தொடங்குகிறது. இதைச் சொல்லாமல் டரமின் பொருளாதாரத்தை எப்படி விளக்குவது? ஸ்மித்தின் அச்சத்துக்கும் என் பதில் இதுதான், ஐயா. நான்கு இடங்களையும் துருவியதால் முழுச் சித்திரம் தொலையவில்லை. முழுச் சித்திரத்தில் அதுவரை பெண்களே இல்லை என்பது தெரிந்தது.

பழையஏடு

இதை ஏற்கிறேன். அந்தக் கட்டுரையை நான் வகுப்பில் வைத்தபோது மாணவிகள் கேட்ட கேள்விகளுக்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

மூன்றாம்வரிசை, பின்புலம் என்று எதை எழுதுவது என்று கேட்டீர்கள். அவர் யாரோடு வேலை செய்தார் என்று எழுதுங்கள். 1980களின் முதல் பாதியில் லண்டன் பெருநகர மன்றத்தின் தொழில் வளர்ச்சி வாரியத்தில் உறுப்பினராக இருந்தார். 1986இல் அந்த மன்றத்தையே தாட்சர் அரசு கலைத்துவிட்டது. 1984-85 நிலக்கரி வேலைநிறுத்தத்தின்போது நகரங்களில் உருவான ஆதரவுக் குழுக்களைப் பற்றி ஹிலரி வெய்ன்ரைட்டோடு சேர்ந்து எழுதினார். புரட்சிக்குப் பிந்தைய நிகராகுவாவில் ஏறத்தாழ ஓராண்டு தங்கி ஆய்வு செய்தார். 1995இல் ஸ்டூவர்ட் ஹால், மைக்கேல் ரஸ்டின் ஆகியோரோடு ஓர் இதழைத் தொடங்கினார். இவற்றில் எதுவும் பட்டத்துக்கோ பதவிக்கோ சேர்ந்ததல்ல. ஆனால் ஒவ்வொன்றும் அவருடைய அடுத்த கேள்வியை மாற்றியிருக்கிறது.

எண்கணக்கு

டரம்-லங்காஷயர் விளக்கம் என்னைக் கொஞ்சம் அசைத்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். தொழிலாளர் சந்தை என்று நாங்கள் ஒரே சொல்லில் முடித்துவிடுவதற்குள் இத்தனை வரலாறு இருக்கிறது.

ஆனால் கிளை ஆலை என்றாலே வட்டாரத்துக்குக் கேடு என்ற முடிவுக்கு நாம் வழுக்கிப் போகிறோமோ என்று தோன்றுகிறது. சண்டர்லேண்டில் நிசான் ஆலையைப் பாருங்கள். 1986இல் திறந்தது. தலைமையகம் ஜப்பானில். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக ஓடுகிறது, ஆயிரக்கணக்கானோருக்கு நல்ல சம்பளம், சுற்றிலும் உதிரிபாகத் தொழில்கள். இதை எந்தக் கணக்கில் வைப்பது?

டைன்கரை

நல்ல கணக்கில்தான் வைக்க வேண்டும். இங்கே யாரும் அந்த ஆலையைக் குறை சொல்லிப் பேசி நான் கேட்டதில்லை. 1988இல் சண்டர்லேண்டின் கப்பல் கட்டும் தொழில் முடிந்தது. 1993 கடைசியில் டரம் வட்டாரத்தின் கடைசிச் சுரங்கமான மங்க்வேர்மவுத்தும் மூடப்பட்டது. அந்த இடத்தில்தான் இன்று கால்பந்து மைதானம் இருக்கிறது. நிசான் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அந்தப் பயத்தைத்தான் நான் சொல்ல வருகிறேன். 2016 வாக்கெடுப்பில் சண்டர்லேண்டில் 61 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேற வாக்களித்தார்கள். அடுத்த சில மாதங்களுக்கு இங்கே எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: நிசான் இருக்குமா? பிரிட்டன் அரசு அந்த நிறுவனத்துக்கு உறுதிமொழிக் கடிதம் எழுதியது. கடிதத்தில் என்ன இருந்தது என்பது 2019இல்தான் வெளியே வந்தது. ஒரு நகரத்தின் எதிர்காலம் லண்டனுக்கும் ஜப்பானுக்கும் இடையே போன ஒரு கடிதத்துக்குள் இருந்தது. நகரத்தில் இருந்தவர்களுக்கு அதைப் படிக்கக் கிடைக்கவில்லை. நல்ல ஆலை, நல்ல சம்பளம், எல்லாம் உண்மை. இதுவும் உண்மை.

வரைதாள்

இதைத்தான் 'அதிகாரத்தின் வடிவகணிதம்' என்ற சொல்லால் மாஸி குறித்தார். எல்லா இடங்களும் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. ஆனால் அந்த இணைப்பில் சிலர் ஓட்டுநர், சிலர் பயணி, சிலர் வழியில் இறக்கிவிடப்படுபவர்.

லண்டனைக் கீழே இழுப்பதா என்று எண்கணக்கு முதலில் கேட்டாரே, அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. லண்டனைப் பற்றி மாஸி 2007இல் எழுதிய நூலில் அந்தக் கேள்வியையே திருப்பிப் போடுகிறார். லண்டன் பொன்முட்டையிடும் வாத்து, அதைத் தொடாதீர்கள் என்று சொல்கிறோம். வாத்துக்குத் தீனி எங்கிருந்து வருகிறது? நாட்டின் பிற பகுதிகள் படிக்கவைத்த இளைஞர்கள் வேலைக்கு அங்கே போகிறார்கள். கானா தன் செலவில் பயிற்சி கொடுத்த செவிலியர்கள் லண்டன் மருத்துவமனைகளைத் தாங்குகிறார்கள். ஏழை நாடு பணக்கார நகரத்துக்குக் கொடுக்கும் மானியம் இது என்று சுட்டி, கானாவுக்கு ஈடுகட்ட வழி தேட வேண்டும் என்ற யோசனையை அந்நூலில் பரிசீலிக்கிறார். லண்டனுக்குள்ளேயே எத்தனை ஏழைகள் என்பதையும் விடவில்லை. நிதித்துறையின் சம்பளம் வீட்டு விலையை ஏற்றிவிட, பஸ் ஓட்டுபவரும் பள்ளி ஆசிரியரும் தாங்கள் உழைக்கும் நகரத்தில் குடியிருக்க முடிவதில்லை. ஆகவே லண்டனின் 'வெற்றி' லண்டன்காரர்கள் எல்லோருடைய வெற்றியும் அல்ல.

மருந்து என்ன என்றும் கேட்டீர்கள். நேரான விடை என்னிடம் இல்லை. ஆனால் எங்கே தேட வேண்டும் என்பது தெரிகிறது. வட்டார வளர்ச்சி முகமைகளை 1990களின் கடைசியில் உருவாக்கினார்கள், 2012இல் கலைத்தார்கள். 2022 பிப்ரவரியில் 12 இலக்குகளோடு, வட்டாரங்களைச் 'சமன்படுத்தும்' வெள்ளை அறிக்கை வந்தது. 2023 அக்டோபரில் பர்மிங்காமிலிருந்து மான்செஸ்டர் வரை போக வேண்டிய அதிவேக ரயில் பாதையை ரத்து செய்தார்கள். அந்த அறிவிப்பு மான்செஸ்டரில் நடந்த கட்சி மாநாட்டிலேயே வந்தது. முப்பது ஆண்டுகளாக வடக்குக்கு என்ன கொடுக்கலாம் என்ற முடிவை லண்டன் எடுக்கிறது, பிறகு லண்டனே திரும்ப எடுத்துக்கொள்கிறது. முடிவெடுக்கும் அதிகாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை விட்டுவிட்டுத் தொகையை மட்டும் கூட்டிக் குறைப்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

எண்கணக்கு

தொகையைப் பற்றி ஒரு சிறு சேர்க்கை, உங்கள் வாதத்துக்கே பலம் தரும். அரசுத் திட்டங்களை மதிப்பிடக் கருவூலம் ஒரு வழிகாட்டி நூல் வைத்திருக்கிறது. செலவுக்கு எதிரே பலனைப் பணமாக மாற்றி ஒப்பிடும் முறை. நில மதிப்பும் சம்பளமும் ஏற்கெனவே உயர்ந்த இடத்தில் பலனும் உயர்ந்து தெரியும். அதனால் திட்டங்கள் தென்கிழக்குப் பக்கம் சாய்கின்றன என்ற குற்றச்சாட்டு வலுத்து, 2020இல் அந்த வழிகாட்டியையே மறுபரிசீலனை செய்தார்கள். எங்கள் துறைக் கருவி நடுநிலையானது என்று நான் நம்பியிருந்தேன். வகுத்தலும் பெருக்கலும் நடுநிலைதான். எதைப் பெருக்குகிறோம் என்பது இல்லை.

க்ரூக்மனை நான் கைவிடவில்லை. மையம் ஏன் தன்னைத்தானே பெரிதாக்கிக்கொள்கிறது என்பதற்கு அவரைவிடத் தெளிவான விளக்கம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் மாஸியின் 1984 நூலை நூலகத்தில் கேட்டு வைத்திருக்கிறேன்.

மூன்றாம்வரிசை

எல்லோருக்கும் நன்றி. என் கட்டுரையைத் திரும்ப எழுதப்போகிறேன். மாஸியின் கேள்விகளை ஒரே ஓர் ஆலையிடம் கேட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். எப்போது வந்தது, யார் வாங்கினார்கள், யாரை வேலைக்கு எடுத்தார்கள், யார் மூடினார்கள் என்று. டைன்கரை அக்கா, உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னிடம் பேசச் சம்மதிப்பாரா? நிறுவனத்தின் பெயரையும் அவர் பெயரையும் எழுத மாட்டேன்.

பழையஏடு

பேசுவதற்கு முன் ஆவணங்களைப் பார்த்துவிடுங்கள். பிரிட்டனின் நிறுவனப் பதிவகத்தில் பழைய ஆண்டறிக்கைகளையும் உரிமை மாற்றங்களையும் இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். மிகப் பழையவை சிலவற்றைக் கேட்டுத்தான் பெற வேண்டியிருக்கும். டரம் மாவட்ட ஆவணக்காப்பகத்தில் உள்ளூர்ச் செய்தித்தாள்கள் இருக்கும். ஆலை திறந்த வாரத்தின் செய்தியையும் மூடிய வாரத்தின் செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தேதிகளைக் கையில் வைத்துக்கொண்டு போனால் பெரியவருக்கும் நினைவு எளிதாக வரும்.

டைன்கரை

நேற்று மாலை அவரிடம் கேட்டேன். முதலில் "என்னிடம் என்ன இருக்கிறது சொல்ல?" என்றார். பிறகு உள்ளே போய், ஆலை திறந்த நாளில் எடுத்த ஒரு புகைப்படத்தைக் கொண்டுவந்து காட்டினார். முன்வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் பெண்கள். அவர்களில் ஐந்து பேரின் பெயரை மட்டும் அவரால் சொல்ல முடிந்தது. இருவர் இன்னும் இதே தெருவில்தான் இருக்கிறார்களாம், அவர்களையும் கூப்பிடுகிறேன் என்கிறார்.

ஞாயிறு மதியத்துக்கு மேல் தொலைபேசியில் அழைக்கலாம். காது கொஞ்சம் மந்தம், மெதுவாகப் பேசுங்கள்.